அரண்மனை மெத்தையில் ஒரு வெற்றிலை

சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் ஐந்தாவது மாடி எங்களுடையது. ஆறாவது மாடியில் இன்னொரு கம்பெனி. போன ஆயுத பூஜைக்கு அவர்கள் பாட்டுப் போட்டு ஆடினார்கள். நூறு பேராவது ஒரே தாளத்தில் குதித்திருப்பார்கள். என் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. பக்கத்து இருக்கைக்காரன் மேலே பார்த்துச் சிரித்தான். நான் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், ஐந்து மாடியும் படியிலேயே இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்த வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். கட்டடங்களுக்குப் பாரக் கணக்குப் போடுவதுதான் என் வேலை. அந்தத் தளம் அதைப் போல இரண்டு மடங்கு ஆட்டத்தைத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கால்கள் கேட்கவில்லை.

மரத்தடியில் நின்றபோது மூக்கில் ஏறியது பெட்ரோல் வாசனை அல்ல. வௌவால் புழுக்கையும், செல்லரித்த தேக்கும், மழையில் நனைந்து நனைந்து காய்ந்த சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை. அந்த வாடை எங்கள் ஊர் அரண்மனைக்குச் சொந்தமானது. அரண்மனை போய்விட்டது. வாடை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

ஊரின் பெயரை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அந்தியூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பாளையம். மைசூர்க்காரர்களுக்குக் கொஞ்ச காலம் அடங்கி, பிறகு கும்பினிக்காரர்களுக்கு அடங்கி, கடைசியில் கோர்ட்டுக்கும் கரையானுக்கும் அடங்கிய பட்டக்காரர் குடும்பம். அரண்மனை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன்னால் ஒரு பெரிய வாசல், இரண்டு பக்கமும் குதிரை கட்டும் கொட்டில், நடுவே முற்றம், அதற்கு அப்பால் ஒற்றை மாடி. அந்த மாடி முழுவதும் ஒரே கூடம். ஊரில் அதை மெத்தை என்பார்கள். கீழே பல்லக்கு அறை, மேலே மெத்தை. அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் நின்று பார்த்தால் அது வானத்தில் பாதியை மறைக்கும்.

என் தாத்தா அந்த வாசலைத் தாண்டும்போது தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வாராம். அப்பா சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். நான் பாலிடெக்னிக் படித்த காலத்தில் இறங்காமல்தான் போனேன். ஆனால் வாசல் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக மிதிப்பேன். மூன்று தலைமுறையில் எங்கள் முன்னேற்றம் இவ்வளவு.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிடம் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் அவர் கூப்பிட்டு, "உங்க ஊரு அரண்மனைல மழைத்தண்ணி எறங்குதாம்ப்பா. தசராவுக்குள்ள சரி பண்ணணுமாம். நீ போயி நின்னு பாத்துக்க" என்றார். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மஞ்சள் ஹெல்மெட், ஒரு ஸ்குரூ டிரைவர், அளவு டேப் ஆகிய ஆயுதங்களோடு சொந்த ஊருக்குப் படையெடுத்தேன்.

வாசலில் மணியம் நின்றிருந்தார். அரண்மனையின் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற கிழவர். அவருக்கு ஊரில் வேறு பெயர் கிடையாது, மணியம்தான். என் காலைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினேன். தலையைப் பார்த்தார். ஹெல்மெட்டையும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். தாத்தாவின் தலைத்துண்டு ஞாபகம் வந்தது. பத்தடி போவதற்குள் மேலேயிருந்து உள்ளங்கை அளவு காரை ஒன்று எனக்கு முன்னால் விழுந்து உடைந்தது. மணியம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போட்டுக்கங்க தம்பி" என்றார். "மரியாத மனசுல இருந்தாப் போதுங்க."

அவர் வாயிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்த முதல் 'ங்க' அதுவாகத்தான் இருக்கும்.

மேஸ்திரி காரமடைக்காரர். ரங்கன் என்று பெயர். எந்த நேரமும் வாயில் ஏதாவது பேச்சு இருக்கும். பல்லக்கு அறையில் நுழைந்ததும் அங்கிருந்த பழைய பல்லக்கையும், சுவரில் மாட்டியிருந்த காட்டெருமைத் தலையையும், ரசம் போன நிலைக்கண்ணாடியையும் பார்த்துவிட்டு, "ஏனுங் சார், இவிய சண்டைக்குப் போனதவிட ஒறம்பரை ஊட்டு விருந்துக்குப் போனதுதான் அதிகமாட்டம் இருக்குது" என்றார். கண்ணாடி ஓரத்தில் ஒரு புகைப்படம். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய வெள்ளைக் குதிரையாம். அதன் கடிவாளத்தைப் பிடித்திருப்பவரின் முகம் பாதிதான் படத்தில் இருந்தது. எங்கள் தெரு ஆளாக இருக்கலாம். படம் எடுத்தவருக்குக் குதிரை போதுமாக இருந்திருக்கிறது.

அந்த அறையின் விட்டங்களில்தான் மெத்தை நின்றது. ஏழு தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகள், செங்கல், சுண்ணாம்பு. ஏணி போட்டு ஏறி, முதல் உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். கல்லைப் போல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வாழைத்தண்டில் இறங்குவதுபோல் கைப்பிடி வரைக்கும் இறங்கியது. நான்காவதிலும், ஐந்தாவதிலும் அப்படியே. ஆறாவதும் ஏழாவதும் மறுபடி கல். அந்த மூன்றும் வெளியே பார்த்தால் பளபளவென்று கறுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. உள்ளே வெறும் செல்மண்.

ஏணியிலிருந்து இறங்கி, ஸ்குரூ டிரைவரை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவரும் ஏறி மூன்றையும் குத்திப் பார்த்துவிட்டு இறங்கினார்.

இதில் ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். ஓட்டை மெத்தை என்றால் ஏறாமல் இருக்க வேண்டியதுதானே? அதற்கு எங்கள் ஊர் விஜயதசமியைச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பட்டக்காரர் ஊர் எல்லைக்குப் போய் வாழைமரத்தில் அம்பு போட்டுவிட்டு வருவார். வந்ததும் மெத்தையில் உட்காருவார். பாளையத்துக் குடும்பங்களின் பெரியவர்கள் ஒவ்வொருவராக ஏறி அவர் கையால் வெற்றிலை பாக்கு வாங்க வேண்டும். வாங்கியவர் இறங்கக் கூடாது. கடைசி வெற்றிலை கொடுத்து முடிகிற வரைக்கும் எல்லோரும் மேலேயே நிற்க வேண்டும். ஒரு வருடம் ஏறாத குடும்பம் தன் இடத்தை இழந்து வரிசையின் கடைக்குப் போய்விடும். அதனால் காய்ச்சல் கண்டவரைக்கூட நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். நூற்றைம்பது பேருக்குக் குறையாது.

எங்கள் தெருவுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. எல்லாம் முடிந்தபிறகு, முற்றத்தின் கடைசிப் படியில் மணியம் வெற்றிலையை வைத்துவிட்டு நகர்வார். எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். சிறுவயதில் அப்பா அப்படிக் குனிந்து எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் பட்டக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். எண்பது வயது தாண்டிய மனிதர். ஆண் பிள்ளை இல்லை, ஒரே மகள் வெளிநாட்டில். "இந்தத் தடவ எல்லாத் தெருவும் மேல வரட்டும். எங்கையாலயே குடுக்கறேன்" என்று கோயில் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அவர் சொல்லை யார் தட்டுவது? எங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டு பேர் ஏறுவதென்று முடிவாயிற்று. முதல் ஆள் என் அப்பா.

இப்போது புரிந்திருக்கும். நான் வாயைத் திறந்தால் அப்பா ஏற முடியாது. திறக்காவிட்டால் அப்பா எதன்மேல் நிற்பார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மணியத்திடம்தான் முதலில் போனேன். கொட்டிலில் உட்கார்ந்து வெள்ளி அம்பைத் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு உத்தரம் செல்லரிச்சுப் போச்சுங்க. இத்தன பேரு ஏறக் கூடாதுங்க."

"அந்த மெத்த எங்கப்பாரு காலத்துலயே ஆடுங்க தம்பி."

"பத்துப் பத்துப் பேரா ஏத்தி எறக்கலாமுங்களா?"

"எறங்கினா வழக்கம் கெட்டுப் போகுமுங்க. ஆரு மொதல்ல எறங்குவாங்க? சொல்லுங்க பாக்கலாம்."

"அப்ப கீழ முத்தத்துலயே வெச்சுக் குடுத்துட்டா?"

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "நாஞ் சொல்லட்டுங்களா? உங்க தெருவு ஏறப்போற வருசம் பாத்து மெத்த ஓட்டைன்னு நாஞ் சொல்லட்டுங்களா? வேண்டாம் சாமி. நீங்க போயிச் சொல்லுங்க. உங்க அப்பங்கிட்டச் சொல்லுங்க. அவிய சரின்னா நான் எசமாங்ககிட்டப் பேசறேன்."

அவரை நான் இன்றுவரை கெட்டவர் என்று நினைக்கவில்லை. அவர் பயம் அவருக்கு. இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு திருமண வீட்டில் இருந்தார், பின்னால் மேளச்சத்தம். "கீழ முட்டுக் குடுத்து நிறுத்துப்பா. விழா முடியட்டும், ரிப்போர்ட் எழுதிக்கலாம்" என்றார். முட்டு நிற்குமா என்று கேட்டேன். "நீ சரியா வெச்சா நிக்கும்" என்றார். எட்டு மாத அனுபவத்தின் தலையில் அவ்வளவு பெரிய மெத்தையை இறக்கி வைத்துவிட்டு சாப்பிடப் போய்விட்டார்.

அப்பாவிடம் அன்று சாயங்காலம் சொல்லப் போனேன். அவர் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். அந்த வேட்டி என் பாலிடெக்னிக் பட்டமளிப்புக்கு எடுத்தது. கரும்பு லாரியில் இருந்து விழுந்ததில் அவருக்கு இடது கால் மடங்காது. அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, படி செங்குத்துங்க. இருவத்தி ரெண்டு படி. உங்க காலுக்கு ஆகாது. நீங்க கீழயே..."

அவர் சிரித்தார். "கீழ நின்னு நின்னு பழகுன காலுதானுங் கண்ணு. ஒரு நாளைக்கு மேல நின்னு வலிக்கட்டும் உடு."

நண்பரே, படித்தவன் என்று என்னை எங்கள் தெருவில் கூட்டத்துக்குக் கூட்டம் பேச விடுவார்கள். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற விடுவார்கள். அன்று என் அப்பாவிடம் நான்கு சொற்களைக் கோத்துச் சொல்ல என் படிப்புக்கு வக்கில்லை.

மறுநாளிலிருந்து நானும் மேஸ்திரியும் முட்டுக் கொடுத்தோம். கேட்டவர்களிடம் மழை ஒழுக்கு வேலை என்றோம். இரும்பு ஜாக்கி ஆறுதான் கிடைத்தது. மீதிக்குச் சவுக்குக் கம்பு. ஒவ்வொரு கம்புக்கும் கீழே பலகை, பலகைக்கும் கம்புக்கும் நடுவே மர ஆப்பு. பல்லக்கை ஓரமாகத் தள்ளி, அதன் மேல் கோணிச்சாக்கைப் போர்த்தினோம். நான் கம்புகளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதிக் கூட்டினேன், வகுத்தேன். நூற்றைம்பது பேர், தலைக்கு அறுபத்தைந்து கிலோ. எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பலரும் அறுபத்தைந்தில் அடங்குகிறவர்கள் இல்லை என்பது ஞாபகம் வந்ததும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எத்தனை முறை எழுதினாலும், தாங்கும் என்று எழுத வேண்டிய கடைசி வரியில் கை நின்றுவிடும்.

விஜயதசமி அன்று நான் மேலே போகவில்லை. முற்றத்திலும் நிற்கவில்லை. பல்லக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மேஸ்திரி வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. சுத்தியலோடு வந்து உள்ளே உட்கார்ந்தார்.

"நீங்க ஏனுங்க?" என்றேன்.

"விழுந்தா மொதல்ல நம்ம தலைல தானுங் சார் விழும். ஊருக்கே சேதி நமக்குத்தான் முன்ன தெரியும்" என்றார். சிரிக்க முயன்றேன்.

முதல் பத்துப் பேர் ஏறும் வரை ஒன்றும் தெரியவில்லை. ஐம்பது பேர் ஏறியதும் விட்டங்களின் இடுக்கிலிருந்து மாவு சலிப்பதுபோல் தூசி இறங்கியது. சன்னல் வெளிச்சத்தில் அது மெதுவாகச் சுழன்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பது, தொண்ணூறு. மூலையில் எங்கோ வௌவால்கள் கீச்சிட்டுக் கலைந்தன. கம்புகள் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன. ஒரு கம்பு முனகினால் அதற்குப் பாரம் இறங்கியிருக்கிறது, அது வேலை செய்கிறது என்று மேஸ்திரி சொன்னார். முனகாத கம்பைத்தான் நம்பக் கூடாதாம். நான் முனகாத கம்புகளை எண்ண ஆரம்பித்தேன்.

மேலே வாசித்துக்கொண்டிருந்த நாகஸ்வரம் திடீரென்று நின்றது. ஊர்க் குடும்பங்கள் முடிந்துவிட்டன. பிறகு படியில் ஒரு காலடி. ஊன்றி ஒன்று, இழுத்து ஒன்று. ஊன்றி ஒன்று, இழுத்து ஒன்று. இருபத்திரண்டு படியையும் நான் எண்ணினேன். அந்தக் காலடி என் தலைக்கு மேல் வந்தது. முதல் உத்தரத்தைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் வந்து நின்றது. பட்டக்காரரின் நாற்காலி அங்கேதான் இருந்தது.

அப்போது நான்காவது உத்தரத்தின் கீழிருந்த கம்பு 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. ஆப்பு நழுவிப் பாதி வெளியே வந்திருந்தது. மேஸ்திரி பாய்ந்துபோய்க் கம்பைத் தோளால் தாங்கினார். "அடிங்க சார்! அடிங்க!" சுத்தியலை எடுத்து ஆப்பில் அடித்தேன். கை வியர்வையில் வழுக்கி முதல் அடி பலகையில் விழுந்தது. இரண்டாவது அடியில் ஆப்பு ஏறியது. மூன்றாவது, நான்காவது. மேலே இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கும். எங்கள் ஆட்கள் ஏறுகிற நேரத்தில் கீழே யாரோ எதையோ தட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கம்பு அதிர்ந்ததா, நான்தான் அதிர்ந்தேனா, இன்றைக்கும் தெரியாது. "நின்னிருச்சுங் சார், உடுங்க, நின்னிருச்சு" என்று மேஸ்திரி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

மெத்தை நின்றது. பன்னிரண்டு பேரும் வாங்கினார்கள். கடைசி வெற்றிலை கொடுத்து முடிந்து எல்லோரும் இறங்கினார்கள். கடைசிக் காலடி படியை விட்டு இறங்கும்வரை நான் கதவைத் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது அப்பா முற்றத்தின் நடுவில் நின்றிருந்தார். வெற்றிலையை மெல்லவில்லை, துண்டு முனையில் முடிந்து வைத்திருந்தார். என் தலைமுடியிலும் சட்டையிலும் இருந்த சுண்ணாம்புத் தூளைப் பார்த்தார்.

"எங்கிருந்த கண்ணு?"

"கீழ ஒரு வேலை இருந்துச்சுங்கப்பா."

சரி என்று தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் நான் ரிப்போர்ட் எழுதினேன். மூன்று பக்கம், இங்கிலீஷில். பார்த்ததை மட்டும் எழுதினேன், ஒரு வரிகூடக் கூட்டி எழுதவில்லை. கடைசி வரி, இந்தத் தளத்தை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது. அதை எழுதும்போது ஒரு பெரிய பாரம் இறங்கியது. இனி யாரும் ஏற மாட்டார்கள், இனி நான் தூங்கலாம் என்று மட்டும்தான் நினைத்தேன். சில நாளில் படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு வந்தது. மறு வருடம் அம்பு போடல் மட்டும் நடந்தது, வெற்றிலை இல்லை. அதற்கடுத்த சித்திரையில் பட்டக்காரர் இறந்தார். மகள் வந்து எல்லாவற்றையும் விற்றார். உத்தரங்களில் நன்றாக இருந்த நான்கும் யார் வீட்டுக்கோ போயின.

எங்கள் தெரு இதை வேறு மாதிரி வைத்திருக்கிறது. டீக்கடையில் யாராவது அரண்மனைப் பேச்சை எடுத்தால் அப்பாவே முதலில் சொல்வார். "நாம ஏறுனோம். உடனே பூட்டிப்போட்டாங்க. அவ்வளவுதாம்ப்பா கதை." கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பூட்டியது என் தாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் எங்களை இற்றுப்போன தளத்தின் மேலா ஏற்றினார்கள், அது உனக்கு முன்னாலேயே தெரியுமா? தெரியும். அந்தப் பதிலை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடமாக ஒத்திகை பார்க்கிறேன். இன்னொரு பயமும் உண்டு. அரண்மனைக்கு அந்தத் தாள் உண்மையாகவே உத்தரத்துக்காக வேண்டியிருந்ததா, அல்லது அப்பா சொல்கிறபடி நாங்கள் ஏறிவிட்டதற்காகவா? எட்டு மாத அனுபவக்காரன் எழுதிய மூன்று பக்கத்தை அவ்வளவு சீக்கிரம் யாரும் மதித்து நான் பார்த்ததில்லை.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போனபோது நானும் அப்பாவும் அரண்மனை இருந்த பக்கமாக நடந்து வந்தோம். அவர் நின்று, மேலே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார்.

"மேல போயி நின்னதும் உன்னயத்தாங் கண்ணு தேடுனேன்" என்றார். "அத்தன பேருக்கு நடுவுல உம்மூஞ்சியக் காணம். ஆபீசருக கூடப் பழகற பையன், அப்பங்கூட நிக்கறதுக்கு வெக்கமாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அதனால என்ன போ. படிச்ச புள்ளைக்கு அப்படி இருக்கறதுதான்."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. ஊன்றி ஒன்று, இழுத்து ஒன்று என்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அந்த இடத்தில் இப்போது வெள்ளைக் கல் நட்டுப் பிரித்த வீட்டு மனைகள். வாசல் இல்லை, முற்றம் இல்லை, நான் ஒளிந்திருந்த அறை இல்லை. பதினைந்தடி உயரத்தில் அப்பா என்னைத் தேடிக்கொண்டு நின்ற இடம் வெறும் வெயிலாக இருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் போய் நிற்க ஒரு படிகூட இல்லை.